மணல் கேட்கப் போன நண்டு

ஐப்பசிப் புயலில் கடல் கரையைத் தின்றுவிட்டது. தென்னையின் வேர்கள் வெளியே தொங்கின. அதனடியில் இருந்த நண்டின் வளையும் போயிற்று.

“வருசா வருசம் இப்படித்தான். தை பொறந்தா தெற்கேயிருந்து மணல் வந்துடும்,” என்றது தென்னை.

மாசியும் முடிந்தது. மணல் வரவில்லை. நண்டு தெற்கே தேடிப் போனது. அங்கே கடலுக்குள் புதிதாக ஒரு கல்சுவர் நீண்டிருந்தது. அதன் தென்புறம் மணல் மலைபோலக் குவிந்திருந்தது.

“எங்க மணலை விடு,” என்றது நண்டு.

“விட்டா எங்க ஊர் என்னாகும்? வேணும்னா நீயும் இங்கேயே இருந்துக்கோ,” என்றது சுவர்.

நண்டு மணலைத் தொட்டுப் பார்த்தது. ஈரமாக, தோண்டத் தோதாக இருந்தது. அப்புறம் என்ன, தோண்டியது.

வடக்கே, பாதி சாய்ந்துவிட்ட தென்னை அலையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது: “இன்னும் ரெண்டு நாள் பொறு. எங்க நண்டு போயிருக்கு.”