பச்சைப் பாவாடை

ஏழாம் வகுப்புப் பெண்கள் எல்லாரும் சுற்றுலாவுக்கு ஜீன்ஸ் போட்டு வருவதாகப் பேசிவைத்திருந்தார்கள். கோகிலவாணியின் வீட்டில் சம்மதிக்கவில்லை. பச்சைப் பாவாடை சட்டையில் வந்தவள், யார் முகத்தையும் பார்க்காமல் பேருந்தின் கடைசி இருக்கைக்குப் போய், பாவாடையைச் சுருட்டித் தொடைக்கடியில் திணித்து ஒடுங்கிக்கொண்டாள்.

பேருந்து மலையேறத் தொடங்கியதும் குளிரெடுத்தது. முழங்காலில் கிழிசல் வைத்த ஜீன்ஸ் போட்டிருந்த ஜெனிட்டா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“முட்டி விறைக்குதுடி. உன் பாவாடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் விடேன்.”

கோகிலவாணி தயங்கித் தயங்கி ஒரு மடிப்பை எடுத்துவிட்டாள். ஜெனிட்டா அதை இழுத்து இரண்டு முழங்காலையும் மூடிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் முன்னிருக்கைக்காரி திரும்பினாள். “எனக்கும் இடமிருக்கா?”

“வா,” என்றாள் கோகிலவாணி. “துணி நிறைய இருக்கு.”