பூனைகூட வராத வீடு

மான் மூன்றாவது ரோஜாவை மென்றுகொண்டிருந்தபோது நான் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றேன்.

ஜன்னல் ஐந்தடி அகலம். நான் ஒன்றேகால் அடி. மீதியை அக்கா ஒரு திரைச்சீலையாலும் சிரிப்பாலும் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

வீடு பார்க்க வந்தவர் ஒரு பல் மருத்துவர். அறுபது வயதிருக்கும். தனியாக வந்திருந்தார், தோளில் ஒரு பெரிய பை. கூடத்துச் சுவர்களை, 'ஆ' காட்டச் சொல்லிவிட்டுப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

சுவர்களில் கோளாறு இல்லை. கோளாறெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அக்காவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து ஏழு மாதம் ஆகிறது. பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வீட்டை விற்றுவிட்டுப் பின்னாலேயே வருகிறேன் என்று அத்தான் இங்கே தங்கினார். கல்லூரி பக்கம் என்பதால் அவருக்குத் துணையாக நான், அல்லது எனக்குத் துணையாக அவர்.

வீடு விற்கவில்லை. யாராவது பார்க்க வரும்போதெல்லாம் அக்கா பஸ் ஏறி வந்துவிடுவாள். பாப்பா இப்போது அத்தானை 'போன் அப்பா' என்கிறாள்.

இதுவரை நாலு பேர் வந்து பார்த்தார்கள். நாலு பேரும் தோட்டத்தைப் பார்க்கும்வரை நன்றாகத்தான் பேசினார்கள். அதில் ஒருவர், வெறும் குச்சிகளாக நின்ற பாத்திகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆடு வளக்குறீங்களோ?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அத்தான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. தோட்டக்கலைப் புத்தகம் ஒன்றில் 'மான் தொடாத செடிகள்' என்று ஒரு பக்கம் இருந்தது. அதிலிருந்த பன்னிரண்டையும் நட்டார். மான் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவில்லை.

வேலியை ஓரடி உயர்த்தினார். மான் தாவலை ஓரடி உயர்த்திக்கொண்டது.

மனித வாடை என்றால் மானுக்கு ஆகாது என்று இரண்டு மாதம் முன்பு யாரோ சொன்னார்கள். உடனே, தான் போட்டுக் கழற்றிய பனியன்களைப் பாத்திக்கு ஒன்றாகக் குச்சியில் மாட்டினார். மறுநாளிலிருந்து மான் பனியனுக்கு அடியில் படுத்துத் தூங்க ஆரம்பித்தது.

ஆகவே இன்று கடைசி ஆயுதம். நர்சரியிலிருந்து முப்பது ரோஜாத் தொட்டிகளைக் கொண்டுவந்து, தொட்டியோடு குழியில் இறக்கி, விளிம்பு தெரியாமல் மண்ணைப் பரப்பினோம். பத்து மணிக்கு அது பத்து வருடத் தோட்டம்.

பத்தேகாலுக்கு மான் வந்தது.

தோள்வழியே எட்டிப் பார்த்தேன். அத்தான் விரட்டவில்லை. விரட்டினால் ஓடும், ஓடினால் மண் கலையும், தொட்டி தெரியும். அதனால் மானுக்கு முன்னால் கைகூப்பி நின்றிருந்தார். மான் அவர் கண்ணைப் பார்த்தபடியே நாலாவது பூவை எடுத்துக்கொண்டது.

"இந்தப் பக்கம் மானெல்லாம் வருமாம்மா?" என்று கேட்டார் பல் மருத்துவர்.

"மானா! சேச்சே. பூனைகூட வராதுங்க. தம்பி சின்னதுலேருந்து இங்கதான் இருக்கான், அவனையே கேளுங்க."

நான் போன வருடம் வந்தவன். இருந்தாலும் பூனையைக்கூடப் பார்க்காதவன் முகத்தோடு தலையாட்டினேன்.

அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது. நம்பவில்லை என்று தெரிந்தது. பையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரிம்மா. இன்னும் ஒரு வீடு பாக்க வேண்டியிருக்கு."

முந்தைய நாலு பேரும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனார்கள். அக்காவின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் கலங்கிவிட்டது.

அப்போதுதான் பின்கதவை முட்டித் தள்ளிக்கொண்டு மான் உள்ளே வந்தது.

சமையலறையைத் தாண்டி, டைல்ஸில் வழுக்கி, நிதானித்து, கூடத்தில் வந்து நின்றது. வாயில் அரை ரோஜா. பின்னாலேயே முழங்கைவரை மண்ணோடு அத்தான்.

"பக்கத்து வீட்டு நாய்ங்க," என்றார் அத்தான்.



மான் எங்களைச் சட்டை செய்யவில்லை. நேராகப் பல் மருத்துவரிடம் போய் அவர் பைக்குள் மூக்கை நுழைத்தது. ஏதோ சொந்தப் பெட்டியைத் திறப்பதுபோல.

அவர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். டப்பா நிறைய, விரல் நீளத்துக்கு நறுக்கிய கேரட்.

"ஏண்டி, ரெண்டு மாசமா நம்ம வீட்டுப் பக்கம் ஆளையே காணோம்?" மானின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எங்களை மறந்துவிட்டுப் பேசினார். "விக்கிற வீடு ஒண்ணு விடாம ஏறி இறங்கிட்டேன்டி. எல்லாரும் மானே வராதுன்னு சத்தியம் பண்றாங்க. எனக்கு வேற யாருடி இருக்கா?"

அக்காதான் முதலில் சுதாரித்துக்கொண்டாள்.

"தினமும் வரும்ங்க," என்றாள் மூச்சுவிடாமல். "காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. மழைன்னாகூட வரும். போகச் சொன்னாலும் போகாதுங்க."

ஏழு மாதத்தில் இந்த வீட்டைப் பற்றி நாங்கள் சொன்ன முதல் உண்மை அது.

பல் மருத்துவர் மானின் உதட்டை விலக்கி, பற்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திருப்தியாக இன்னொரு கேரட்டை நீட்டினார்.

"எப்பம்மா காலி பண்ணுவீங்க?" என்று கேட்டார், தலை நிமிராமல்.

மாடியை அவர் இன்னும் பார்க்கவே இல்லை.