நாற்பத்திரண்டாவது வரி

சுரங்கத்தில் மதிய வெடி வைக்கும் முன், கீழே ஒரு ஆள்கூட இல்லை என்று கணினிக்காரிதான் சொல்ல வேண்டும். காலையில் இறங்கியவர்களின் நாற்பத்தொரு வரிகளையும் புது அட்டவணையில் அப்படியே நகல் எடுத்தாள். மேலே வந்து எண் வில்லையைத் திருப்பித் தந்தவர்களுக்கு மட்டும் 'கீழே' என்பதை 'மேலே' என்று மாற்றக் கட்டளை கொடுத்தாள்.

நாற்பத்தொரு வரிகள் மாறின. ஒரு வரி மாறாமல் நின்றது.

அவளுடைய தம்பியின் பெயர் இரண்டு தடவை இருந்தது. ஒன்று மேலே, ஒன்று கீழே.

தம்பியோ எதிர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, பூதக்கண்ணாடி வச்சா பாக்குற? வெடிக்கலாமா?" வாசலில் நின்று கத்தினார் மேஸ்திரி.

"இருங்கண்ணே, ஒரு ஆளு கூடுது."

"கூடுனா என்ன? குறைஞ்சாத்தானே வம்பு!"

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நகல் எடுத்தாள். அதே கணக்குத்தான் வந்தது.

"அந்த ஒரு வரிய மட்டும் அழிச்சிடுக்கா," என்றான் தம்பி.

அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து திரை தெரியாது. காலையில் இறங்கியவன் சட்டையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

சுவரிலிருந்த சுரங்கத் தொலைபேசி அடித்தது. அதன் மறுமுனை கீழே மட்டும்தான் இருக்கிறது.

"எடுக்காதக்கா," என்றான், டீயை ஊதிக்கொண்டே.