பாத்திரம் தேய்த்த வேட்பாளர்

வேட்பாளர் தெருவில் வடை சுட்டு, இஸ்திரி போட்டு ஓட்டுக் கேட்டதெல்லாம் பழங்கதை. இப்போது வீட்டுக்கு வீடு ஓர் இயந்திர நகல் வருகிறது. வேட்பாளரின் முகத்தோடும் குரலோடும், வாக்குப்பதிவு முடியும்வரை வீட்டு வேலை செய்கிறது.

வேட்பாளர் ‘தொகுதியின் தோள்’ இளவழுதியின் சொந்த வீட்டுக்கும் அவருடைய நகல் ஒன்று வந்தது. அவர் மனைவி கோமளாவும் வாக்காளர்தானே.

இளவழுதி சோபாவில் சாய்ந்து வெற்றி உரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். அடுப்படியில் இன்னொரு இளவழுதி பால் சட்டியைத் தேய்த்தபடி, “முட்டி வலி எப்படிக்கா இருக்கு?” என்று கோமளாவிடம் கேட்டது.

“உனக்கு முட்டி வலியா?” என்றார் சோபாக்காரர்.

“ஆமா. நீங்க போன தடவை தோத்ததுலேர்ந்து,” என்றாள் கோமளா.

“சரி, ஓட்டு எனக்குத்தானே?”

“தெருவே உங்களுக்குத்தாங்க. எதிர்க்கட்சிக்காரரோட நகல் கோலத்தை மிதிச்சுடுதாம்.”

இளவழுதி அமோகமாக ஜெயித்தார். ஆனால் நகல்களைக் கட்சி வேன் முன்பே அள்ளிக்கொண்டு போயிருந்தது. மாலையோடு வீடு திரும்பியவரை, கழுவாத பாத்திரங்களும் வாசல் நிறையப் பெண்களும் வரவேற்றார்கள்.

“எல்லாருக்கும் ஒரே கோரிக்கைங்க,” என்றாள் கோமளா.

“ரோடா? தண்ணியா? தயங்காம சொல்லு!”

“ராஜினாமா பண்ணிடுங்க. இடைத்தேர்தல் வந்தா உங்க நகல் திரும்ப வரும்ல?”

பெண்கள் பலமாகக் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டதும், பழக்கதோஷத்தில் இளவழுதி கும்பிட்டார்.