மேல் தட்டுப் பெட்டி

"அது வேண்டாம்மா" என்று கடைக்காரர் மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

அந்த அம்மாள் உடும்புப் பிடியாக நின்றார். மேல் தட்டில் இருக்கும் பெரிய டாங்கிப் பெட்டிதான் வேண்டுமாம்.

பொம்மை டாங்கி என்று யாராவது சொன்னால் கடைக்காரருக்குக் கோபம் வரும். ராணுவத்தின் நிஜ டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாகப் பெட்டியில் போட்டிருக்கும். வெட்டி, தேய்த்து, ஒட்டி நாமே செய்துகொள்ள வேண்டும். முதல்முறை வருகிற யாரையும் தப்பான பெட்டியோடு அனுப்பியதில்லை என்பதில் அவருக்குக் கர்வமே உண்டு. எடுத்த எடுப்பிலேயே பெரியதைத் தூக்கிக்கொண்டு போனால் பாதியில் அது பரணேறிவிடும்.

அதனால் சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். நூற்றிருபது துண்டுதான், உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் கூடு. ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

அம்மாள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூட வந்த மகளுக்குத் தர்மசங்கடம். "ரிட்டயர் ஆனதுல இருந்து சும்மா இருக்க முடியலைங்க இவங்களுக்கு" என்று இழுத்தாள்.

கடைக்காரரும் விடுகிறவர் இல்லை. பெரிய பெட்டியை இறக்கித் திறந்தே காட்டினார். ஆயிரத்து நூறு துண்டு. பாதிக்கு மேல் டாங்கியின் வயிற்றுக்குள் போகிறவை. இருக்கை, குண்டு அடுக்கும் தட்டு, நகம் அளவு மின்பெட்டிகள், தலைமுடி கனத்தில் ஒயர். மாதக்கணக்கில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பொருத்தி, கடைசியில் மேல்மூடியை ஒட்டினால் ஒன்றும் தெரியாது.

"உள்ள பட்ட பாட்டை ஒருத்தரும் பாக்க மாட்டாங்கம்மா."

அம்மாள் செய்முறைத் தாளைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஓடிய ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"இது தப்பு தம்பி. இந்த ஒயர் வலப்பக்கம் போகாது. டிரைவர் முழங்கையில இடிக்குதுன்னு நான்தான் எழுதிக் குடுத்து இடப்பக்கம் மாத்த வச்சேன்."

கடைக்காரர் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். மகள் அம்மா பக்கம் திரும்பினாள்.

"ஃபேக்டரியில ஒயர் வேலைன்னுதானே சொல்லுவே?" என்றாள் மெதுவாக.

"ஒயர் வேலைதான். அதுக்கு மேல வெளியில சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்க. குள்ளமா இருக்கேன்னு என்னைத்தான் உள்ள இறக்குவாங்க. இருபத்தெட்டு வருஷம். நான் ஏறி வந்ததும் மேல மூடிடுவாங்க."

ஐந்தடிக்கும் குறைவான அந்த உடம்பு, இதைச் சொல்லும்போது கல்லாவுக்கு முன்னால் நன்றாக நிமிர்ந்து நின்றது. மகளின் பார்வை அம்மாவை விட்டு நகரவில்லை. ஊரைக் கூட்டிச் சொல்லத் துடிப்பது போல இருந்தது அவள் முகம்.

கடைக்காரர் பெட்டியைக் கட்டினார். கத்தி, அரம், பசை எல்லாம் வைத்தார். இடுக்கு தெரியாமல் மூடியை ஒட்டுங்கள் என்பது முதல்முறை வாங்குகிறவர்களுக்கு அவர் தவறாமல் சொல்லும் பாடம். இன்று அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"மேல்மூடியை மட்டும் ஒட்டாதீங்கம்மா" என்றார்.

அம்மாள் சிரித்துவிட்டார்.

"ஒட்டுறதா இருந்தா அந்தச் சின்னப் பெட்டியே போதுமே தம்பி."