கச்சேரித் தட்டில் ஓர் இருமல்

மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம். தலைமறைவாயிருந்த தொழிற்சங்கத்து அந்தோணிதாஸைத் தேடி, சார்ஜென்ட் சில்வெஸ்டர் போலீஸ்காரர்களோடு பத்தாங் பெர்ஜுந்தாய் ரப்பர்த் தோட்டத்தில் அவன் அக்கா டொரீன் வீட்டுக்கு வந்திருந்தார். கிராமபோனில் பியானோவும் இரண்டு பக்கவாத்தியங்களுமாக ஜாஸ் ஓடிக்கொண்டிருந்தது.

நடுவில் யாரோ இருமினார்கள்.

“உள்ள யாரும்மா?” என்றார் சார்ஜென்ட்.

“யாருமில்லைங்க ஐயா. ஜனங்க முன்னால வாசிச்சத அப்படியே பிடிச்ச தட்டு. இருமல், கைதட்டு எல்லாம் கேக்கும்” என்றாள் டொரீன்.

அவள் சொல்லி முடிக்கவும் தட்டில் கைதட்டல் எழுந்தது. போலீஸ்காரர்கள் சிரித்துக்கொண்டே வெளியேறினார்கள்.

சார்ஜென்ட் மட்டும் வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

“இதே தட்டு என் வீட்டுலயும் இருக்கு தங்கச்சி. அதுல யாரும் இருமமாட்டாங்க. தம்பிய இன்னைக்கே அனுப்பிரு. நாளைக்கு எங்க போலீஸ் துரையே சோதனைக்கு வராரு. எனக்கு அந்தத் தட்டக் குடுத்ததே அவருதான்.”