பெரியப்பாவுக்கு ஒரு பெயர்

அறுபது ஆண்டுகளாக வெளிவரும் காமிக்ஸின் நாயகன் புயல்வேலனின் அப்பா ஏழாம் இதழில் தீயில் கருகி இறந்தார். அறுநூறாம் இதழில் வில்லனாகத் திரும்பி வந்தார். எழுதியவர்களுக்குப் பழைய இதழ்களைப் படிக்கும் கெட்ட பழக்கம் கிடையாது.

பதிப்பகத்தில், இப்படி முரண்பட்ட கதைகளைப் பொருந்தவைப்பது வடிவாம்பாளின் வேலை. நாயகர்கள் இப்போது கணினித் திரைக்குள் வாழ்ந்து வாசகர்களோடு பேசுவதால், எந்த மாற்றத்தையும் முதலில் அவர்களிடம் நேரில் சொல்லியாக வேண்டும். நிர்வாகம் அதற்கு மனிதாபிமானம் என்று பெயர் வைத்திருந்தது.

"தம்பி, தீயில செத்தது உங்க அப்பா இல்ல. அவரோட இரட்டைப் பிறவி."

புயல்வேலன் திகைத்தான். "அப்ப நான் கொள்ளி வெச்சது சித்தப்பாவுக்கா?"

"பெரியப்பா. மூணு நிமிஷம் மூத்தவர்."

"வருஷா வருஷம் அப்பா பேரைச் சொல்லித்தானே திதி குடுத்தேன்! பெரியப்பாவுக்கு ஒரு வாய்கூடப் போய்ச் சேர்ந்திருக்காதே மேடம். அவர் பேரு என்ன?"

வடிவாம்பாளுக்குத் தெரியவில்லை. நிர்வாகத்திடம் கேட்டாள். செத்துப்போன பாத்திரத்துக்குப் பெயர் எதற்கு, வேண்டுமானால் மூன்று மாதம் கழித்துக் குழு கூடிப் பரிசீலிக்கும் என்று உடனே பதில் வந்தது. மறுப்பதில் மட்டும் அவர்களுக்குத் தாமதமே கிடையாது.

அவள் அனுமதிக்குக் காத்திராமல் "ஆவுடையப்பன்" என்று தட்டினாள்.

மலைகளைப் பிளந்த அந்த வீரன், அந்தப் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தான். பிறகு, பெயரோடு பிறந்து ஒரு நிமிடம்கூட ஆகாத அந்தப் பெரியப்பாவுக்காக முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.